இருப்புப் பட்டியல்

டிசம்பர் இருபத்தெட்டு, அக்ரா.
சஹாராவிலிருந்து வந்த புழுதி
ஊர் முழுக்க ஒரே நிறம் பூசியிருக்கிறது.
அரசு வாகனக் கொட்டகையில்
கார்களின் முதுகில் விரலால் எண் எழுதிக்கொண்டே போகிறாள்
ட்ஸிஃபா அக்பெகோ,
பதிவாளர் அலுவலகத்தின் இரண்டாம் நிலை எழுத்தர்.
நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.
அடுத்தது காலியிடம்.
செவ்வகமாய்ப் புழுதி படியாத தரை,
நடுவில் ஒரு சொட்டு எண்ணெய்.
அதையும் குறித்துக்கொள்கிறாள்:
"நாற்பத்துமூன்று. வண்டி இல்லை.
அது நின்ற இடம் இருக்கிறது."

தோற்றவர் இன்னும் மாடியில்தான் இருக்கிறார்.
தோல்வியை ஏற்கிறேன் என்று
முந்தாநாள் இரவே தொலைபேசியில் சொல்லிவிட்டார்.
குரல் நடுங்கவில்லை என்கிறார்கள் எல்லோரும்.
கோப்பை நடுங்கியதைப் பார்த்தவன்
தேநீர் கொண்டுபோன ஃபீஃபி மட்டும்.
பெருந்தன்மைதான், மறுக்கவில்லை.
ஆனால் ட்ஸிஃபாவின் படிவத்தில்
பெருந்தன்மைக்குக் கட்டம் கிடையாது.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில்,
சட்டம் இல்லாத ஒரு ஜனவரியில்,
சாவிகளை ஒரு பாலிதீன் பையில் போட்டு
வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.
வென்றவர்கள் மூன்று நாள்
எந்தச் சாவிக்கு எந்தக் கதவென்று அலைந்தார்கள்.
கோப்பறையில் சாம்பல் வாடை.
அமைச்சரவைக் குறிப்புகள் இருந்த அலமாரியில்
பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம்.
யாரும் திருடவில்லை என்றது விசாரணை.
யாரும் ஒப்படைக்கவும் இல்லை.
இந்த இரண்டுக்கும் நடுவில்
ஒரு நாடே நழுவி விழலாம்.

பிறகு சட்டம் வந்தது.
முதலில் வந்தது நோஞ்சான்.
"ஒப்படைக்கலாம்" என்றிருந்தது அதில்.
லாம்: இரண்டே எழுத்து.
அந்தச் சந்து வழியாக
ஒன்பது கார்கள் ஓடிப்போயின.
அப்புறம் ஒரு வியாழக்கிழமை,
சபையில் பாதி இருக்கை காலி,
மேசை விசிறி மட்டும்
இடவலமாய்த் தலையாட்டிக்கொண்டிருக்க,
'லாம்' போய் 'வேண்டும்' வந்தது.
தவறினால் சிறை என்று ஒரு வரியும்.
எந்தப் பத்திரிகையும் முதல் பக்கத்தில் போடவில்லை.
அன்று கால்பந்தில் நாடு தோற்றிருந்தது.

மாலை நாலரைக்கு மேசைத் தொலைபேசி.
பெயர் சொல்லாத ஒரு குரல்,
மாடியிலிருந்துதான்.
"இரண்டே வண்டி, சிஸ்டர். பட்டியலில் வர வேண்டாம்.
உங்கள் மகன் எந்தப் பள்ளியில் படிக்கிறான்?"

ட்ஸிஃபா வீராங்கனை இல்லை.
செருப்புக்குள் கால்விரல்கள் சுருண்டுகொண்டன.
சட்டப் புத்தகத்தை எடுத்துக் காட்டவும் வழியில்லை,
அது மேசையின் ஆடும் காலுக்கு
முட்டுக் கொடுத்திருந்தது.
வாயில் வந்ததைச் சொன்னாள்:
"எழுதாவிட்டால் எனக்கு ஜெயில், ஐயா."
அவ்வளவுதான்.
துணிச்சல் இல்லாதவளும் சொல்லக்கூடியதாக
ஒரு வாக்கியத்தை
யாரோ முன்கூட்டியே செய்து வைத்திருந்தார்கள்.
மறுமுனையில் ஒரு மூச்சு.
பிறகு, பேரம் படியாதவர் போல,
"சரி, சரி."

ஜனவரி நான்கு காலை
நாற்பத்துமூன்றாம் இடத்தில் வண்டி நின்றது.
எவர் விட்டுப்போனார் என்று தெரியாது.
பின் இருக்கையில் ஒரு குழந்தையின் காலுறை.
எழுதினாள்: "காலுறை, மஞ்சள், ஒன்று.
இடதா வலதா சொல்ல இயலவில்லை."

ஏழாம் தேதி. சதுக்கத்தில் பீரங்கி முழக்கம்.
பின்னறையில், ஜன்னல் அதிர,
இருவர் கையெழுத்திட வந்தார்கள்.
போகிறவர்கள் பக்கம் அராபா குவெய்ஸன்,
வருகிறவர்கள் பக்கம் யாக்கூபு.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
பக்கம் பக்கமாய்ப் புரட்டிய யாக்கூபு
காலுறையில் நின்றார்.
"இது எதற்கு?"
"வண்டியோடு வந்தது, ஐயா. எழுத வேண்டும்."
அராபா முதல்முறையாகச் சிரித்தார்,
சிரித்ததற்காக எரிச்சலும் பட்டார்.
கையெழுத்து விழுந்தது.

அவர்கள் போன பிறகு
புதிய பேரேடு ஒன்றைப் பிரித்து
தூசி தட்டினாள் ட்ஸிஃபா.
வெளியே மைதானத்தில்
உறுதிமொழி எடுத்துக்கொண்டிருந்தவரின் முழுப்பெயரை
எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினாள்,
'ஒப்படைப்பவர்' என்ற கட்டத்தில்.
தேதி: ஏழு, ஜனவரி.
ஆண்டை மட்டும் விட்டுவைத்தாள்.